மாடவிளக்கும் மூன்று கரண்டி எண்ணெயும்

வாருங்கள், நெருங்கி உட்காருங்கள். மீசை அரும்பிய பிள்ளைகளும், அம்மாவின் உயரத்தை எட்டிப் பிடித்துவிட்ட பெண்களும் முன்னால் வாருங்கள். அவர்களைப் பெற்றவர்கள் பின்னால் உட்காரலாம். ஆனால் நடுவில் "நல்லாக் கேட்டுக்கோ" என்று பிள்ளையை முழங்கையால் இடிக்கக் கூடாது. இந்தக் கதையில் உங்களுக்கும் பங்கு வைத்திருக்கிறேன்.

ஆறுகளுக்குப் பாலம் வராத காலம் அது. மேற்கே மலை, கிழக்கே சமவெளி, நடுவே ஒரு பெரிய ஆறு. அந்த ஆற்றின் தென்கரையில் செம்பாறைத்துறை என்று ஓர் ஊர். அந்த ஊரில் சென்னியப்பன் என்று ஒருவர் செக்காட்டிப் பிழைத்து வந்தார். அவருடைய மனைவி நாச்சாயி. ஒரே மகள் பாவாயி.

சென்னியப்பனுக்கு எண்ணெயைத் தவிர வேறு உலகம் கிடையாது. ஒரு சொட்டை விரலில் தொட்டுத் தேய்த்தால், எந்தக் காட்டு எள், எந்த மாதத்து ஆமணக்கு என்று சொல்லிவிடுவார். பொழுதைக்கூட அவர் எண்ணெயால்தான் அளப்பார். ஒரு கரண்டி எண்ணெய் விளக்கில் எரிந்து தீரும் நேரம் அவர் கணக்கில் 'ஒரு கரண்டி நேரம்'. கல்யாண வீட்டுக்குப் போனால், "ரெண்டு கரண்டி நேரம் இருந்துட்டுக் கெளம்பீரலாம்" என்பார். ஊரார் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களும் அப்படியே பேசப் பழகிக்கொண்டார்கள். ஊர்கள் இப்படித்தான்.

மகள் பாவாயி வளர்ந்தாள். குட்டையாக இருந்த பாவாடை ஒரே கோடையில் இன்னும் குட்டையாயிற்று. வீட்டுக்குள் இருந்த கால்கள் வெளியே போக ஆசைப்பட்டன.

ஆற்றின் நடுவே ஒரு மணல்திட்டு இருந்தது. நாணல் மண்டிய திட்டு. வேலையெல்லாம் முடிந்து, பொழுது சாய்ந்ததும் இரண்டு கரைகளிலிருந்தும் இளசுகள் அங்கே கூடுவார்கள். வடகரைப் பக்கம் ஆழம் குறைவு. அந்தக் கரைப் பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் நடந்தே வந்துவிடுவார்கள். தென்கரைப் பக்கம் ஆழம். இந்தக் கரைப் பிள்ளைகள் பரிசலில்தான் போக வேண்டும். அங்கே சடுகுடு உண்டு, சுட்ட சோளம் உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கும்மி உண்டு. கும்மிக்கு முன்பாட்டுப் பாடுகிறவள் பாவாயி. அவள் ஒரு அடி எடுத்துக் கொடுத்தால் அத்தனை கைகளும் ஒன்றாய்த் தட்டும். அந்த நேரத்தில் அவள் செக்காட்டி மகள் இல்லை. அந்தத் திட்டுக்கே ராணி.

பாவாயி முதன்முதலாகத் துடுப்பெடுத்த அன்று சென்னியப்பன் புழக்கடைக்கு வந்தார். புழக்கடை மதிலில் ஆற்றைப் பார்த்தபடி ஒரு மாடம் இருந்தது. மாடத்து அகலில் அவர் மூன்று கரண்டி எண்ணெய் ஊற்றினார். மகள் திரித்துப் போட்டிருந்த பெரிய திரியை ஏற்றினார். சுடர் பூவரசம்பூ அளவுக்கு நிமிர்ந்து நின்றது.

"அம்மணி, இந்த வெளக்கு திட்டுல இருந்து பாத்தாலும் தெரியும். இது அணையறதுக்குள்ள ஊடு வந்து சேரோணும்," என்றார். "அணைஞ்ச பொறகு வந்தீன்னா, அடுத்த நாளு ஆத்துப் பக்கமே போகக் கூடாது."

"ஏனுங்கப்பா?" என்று கேட்டாள் பாவாயி.

"ஏன், எதுக்குன்னெல்லாம் கேக்காத. சொன்னாக் கேட்டுக்கோணும்."

காரணம் இல்லாமல் இல்லை. நல்ல காரணமே இருந்தது. மேற்கே மலையில் உச்சிப் பொழுதில் மழை கொட்டினால், அந்தத் தண்ணீர் காடு மேடெல்லாம் கடந்து, நன்றாக இருட்டிய பிறகுதான் செம்பாறைத்துறைக்கு வந்து சேரும். ஊரில் ஒரு துளி மழை இருக்காது. வானத்தில் நட்சத்திரம் மின்னும். ஆனால் ஆறு திடீரென்று செந்நீராய்ப் பொங்கிவிடும். எப்போதாவது ஒருமுறைதான் அப்படி நடக்கும். கடைசியாக வந்தபோது பாவாயி தொட்டிலில் கிடந்தாள். சென்னியப்பன் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தார். விளக்கு ஏற்றி மூன்று கரண்டி எண்ணெய் எரியும் வரை ஆற்றில் பயமில்லை. அதற்குமேல் பயம்.

இதை மகளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் பிள்ளை பயந்துகொள்ளுமே, துடுப்பைப் பிடிக்கும் கை நடுங்குமே என்று நினைத்தார். பயத்தைத் தான் வைத்துக்கொண்டு விதியை மட்டும் மகளிடம் கொடுத்தார். பின்வரிசையில் யாரோ தலையைக் குனிகிறீர்கள். பரவாயில்லை, மேலே கேளுங்கள்.

கொஞ்ச காலம் எல்லாம் சரியாக நடந்தது. பாவாயி திட்டிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். சுடர் தாழ்ந்தால் எழுந்துவிடுவாள். ஆனால் கும்மி சூடு பிடிப்பதே அந்த நேரத்தில்தான். தூரத்து வயலில் வேலை செய்தவர்கள் அப்போதுதான் வந்து சேருவார்கள். அவள் எழுந்ததும் வடகரைப் பையன்கள் கை தட்டிக் கேலி பாடுவார்கள்.

"கரண்டி எண்ணெ தீருது, காலு ரெண்டும் ஓடுது,
செக்காட்டி மகளுக்கு ஊட்டு நெனப்பு கூடுது!"

எல்லோரும் சிரிப்பார்கள். பாவாயியும் சிரிப்பாள். பரிசலில் ஏறி, யாரும் பார்க்காத தூரம் வந்ததும் அவளுக்குக் கண்ணீர் வரும். அந்த வயதில் ஊர் சிரிப்பதைத் தாங்கிக்கொள்ளலாம், கூட்டாளிகள் சிரிப்பதைத்தான் தாங்க முடியாது.

ஒருநாள் பாட்டு நடுவில் எழுந்து வர அவளுக்கு மனசு வரவில்லை. வீடு சேரும்போது மாடம் இருண்டிருந்தது. கரையில் அப்பா நின்றிருந்தார். விளக்கு அணைந்ததிலிருந்து அவர் கரையை விட்டு நகரவே இல்லை என்பது மகளுக்குத் தெரியாது. முகத்தில் கோபம் மட்டும்தான் தெரிந்தது.

"மூணு கரண்டி குடுத்தா ஏமாத்தறயா? நாளைக்கு ஆத்துப் பக்கமே போகாத. அதுக்கப்புறம் உனக்கு ரெண்டு கரண்டிதான்," என்றார்.

இந்த ரெண்டு கரண்டிக்குக் காரணம் எதுவும் இல்லை. மூன்று கரண்டி யோசித்துப் போட்ட கணக்கு. ரெண்டு கரண்டி கோபத்தில் போட்டது.

பாவாயி அன்று படுக்கையில் புரண்டு யோசித்தாள். யார் பெற்ற பிள்ளை அவள்? விளக்கைப் பற்றி அவளுக்குத் தெரியாததா? திரி பெரிதாக இருந்தால் எண்ணெயை மடமடவென்று குடிக்கும். திரி மெலிந்தால் கொஞ்சம் கொஞ்சமாய்க் குடிக்கும். வீட்டில் திரி திரித்து விளக்கில் போடுவது அவள் வேலை. மறுநாள் திரியிலிருந்து பாதி இழைகளை உருவி, அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். அதற்கு அடுத்த நாள் ரெண்டு கரண்டி எண்ணெய் மூன்று கரண்டி நேரம் எரிந்தது.

சுடர் மட்டும் மிளகாய் அளவுக்குச் சிறுத்துவிட்டது. சென்னியப்பன் அதைப் பார்த்தார். பார்த்து என்ன பயன்? அவர் கண்ணுக்கு எண்ணெய் மட்டும்தானே தெரியும். "இந்தத் தடவ வாங்குன ஆமணக்கு செரியில்ல. கசடு சாஸ்தி," என்று ஆமணக்கு விற்ற குடியானவரைத் திட்டினார். திரியை அவர் தொட்டுப் பார்க்கவே இல்லை.

தப்பு ஒருமுறை பலித்தால் இன்னொரு முறை செய்யச் சொல்லும். பாவாயி மறுபடியும் நேரம் தாழ்ந்து வந்தாள். அப்பா, "இனி ஒரே கரண்டி," என்றார். மகள் இன்னும் கொஞ்சம் இழைகளை உருவினாள். திரி நூலாயிற்று. சுடர் நெல் அளவாயிற்று. முதலில் பூ, பிறகு மிளகாய், பிறகு நெல்.

இப்போது ஒரு வேடிக்கை நடந்தது, கேளுங்கள்.

ஒரு கரண்டி என்று சொன்னவர் சென்னியப்பன்தானே? சொல்லிவிட்டாரே தவிர, விளக்கு அணையப் போகிற நேரத்தில் அவரால் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. மகள் வருவதற்குள் அணைந்துவிட்டால் நாளைக்கு அவளை அனுப்ப முடியாது. அனுப்பாவிட்டால் அந்த முகம் வாடும். வாடிய முகத்தோடு பிள்ளை சோறு பிசைவதை அவரால் பார்க்க முடியாது. ஆனால் சொன்ன சொல்லை மாற்றிக்கொள்ளவும் மனசு இடம் தரவில்லை. அப்பன் என்ற வீறாப்பு ஒன்று இருக்கிறதே!

அதனால் என்ன செய்தார்? இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். யாரும் இல்லை. இடுப்பில் செருகியிருந்த கரண்டியை எடுத்து, சத்தமில்லாமல் மாடத்து அகலில் எண்ணெய் ஊற்றினார். பிறகு ஒன்றும் தெரியாதவர்போல மாட்டுக்குப் புல் போடப் போய்விட்டார். அன்று ஊற்றினார், மறுநாள் ஊற்றினார், அதற்கு மறுநாளும் ஊற்றினார்.

விளக்கு அணையாமல் எரிந்தது. திரியை மெலித்த தன் கெட்டிக்காரத்தனம் என்று மகள் நினைத்தாள். மகள் சரியான நேரத்துக்கு வருவதாகக் காட்ட, தான் செய்யும் தந்திரம் என்று அப்பா நினைத்தார். ஒருவரை ஒருவர் ஏமாற்றிவிட்டு இரண்டு பேரும் திருப்தியாகத் தூங்கினார்கள்.

நாச்சாயிக்கு இரண்டும் தெரியும். புருஷன் களவாணியைப்போல எண்ணெய் ஊற்றுவதை அடுக்களைச் சன்னல் வழியே பார்த்திருந்தாள். அரிசி எடுக்கப் போனபோது பானைக்குப் பின்னால் திரி இழைகளையும் பார்த்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்பனிடம் சொன்னால் மகள் மாட்டிக்கொள்வாள். மகளிடம் சொன்னால் அப்பனுக்கு மானம் போகும். இப்போது என்ன கெட்டுவிட்டது, வீடு சண்டையில்லாமல் இருக்கிறதே என்று வாயை மூடிக்கொண்டாள்.

மாரியம்மன் நோன்புக்கு முந்தின நாள் வந்தது.

அன்று உச்சிப் பொழுதில் சென்னியப்பன் மேற்கே பார்த்தார். மலை தெரியவில்லை. மலை இருந்த இடத்தில் கரிச்சட்டி கவிழ்த்ததுபோல மேகம். மகளைக் கூப்பிட்டு, "இன்னிக்குப் போகாத அம்மணி," என்று சொல்ல வாயெடுத்தார். அவளோ புதுப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தலை பின்னிக்கொண்டிருந்தாள். நாளைக்கு நோன்பு, இன்றைக்குத்தான் கடைசி ஒத்திகை. அந்த முகத்தைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விட்டுவிட்டுச் செக்குக்குத் திரும்பினார். ஒரு கரண்டி எண்ணெய்தானே, நேரமே வந்துவிடுவாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

பாவாயி போனாள். பக்கத்து வீட்டுச் சிறுமி குருவாயியும் கூடவே போனாள்.

அன்றைய கும்மியைப்போல ஒரு கும்மி அந்தத் திட்டில் நடந்ததே இல்லை. பாவாயி பாடப் பாட, நாணலும் சேர்ந்து ஆடியது. பொழுது விழுந்தது. பாவாயி கரையைப் பார்த்தாள். நெல் அளவுச் சுடர் தெரிந்தது. 'எரியுது' என்று நினைத்துக்கொண்டு மேலே பாடினாள். இருட்டியது. மறுபடி பார்த்தாள். எரிந்தது. நன்றாக இருட்டியது. கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். இன்னும் எரிந்தது. மூன்று கரண்டி நேரம் எப்போதோ கடந்து போயிருந்தது. அன்றும் சென்னியப்பன், மகள் வரும் வழியில் விளக்கு அணைந்துவிடக் கூடாதே என்று, வழக்கம்போல எண்ணெய் ஊற்றியிருந்தார். ஆபத்து வரும் நேரத்தைச் சொல்ல வேண்டிய விளக்கு, இன்னும் நேரம் இருக்கிறது என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பொய்யைப் பாதி மகள் சொல்லிக் கொடுத்திருந்தாள், பாதி அப்பா சொல்லிக் கொடுத்திருந்தார்.

முதலில் வாசனைதான் வந்தது. புது மண் வாசனை. பிறகு சருகும் சுள்ளியும் நுரையும் மிதந்து வந்தன. வடகரைப் பையன் ஒருவன் காலை ஆற்றில் வைத்துவிட்டுக் கத்தினான்.

"தண்ணி ஏறுது! ஓடுங்க!"

வடகரைப் பிள்ளைகள் கைகோத்து ஓடி, இடுப்பளவு தண்ணீரில் தட்டுத்தடுமாறிக் கரை ஏறிவிட்டார்கள். தென்கரைப் பிள்ளைகளில் மற்றவர்கள் இருட்டியதுமே பரிசல் ஏறிப் போயிருந்தார்கள், மிஞ்சியவர்கள் பாவாயியும் குருவாயியும் மட்டும்தான். திட்டு கரைய ஆரம்பித்தது. பாவாயி குருவாயியைத் தூக்கிப் பரிசலில் போட்டுத் துடுப்பை வலித்தாள்.

பரிசல் வட்டமானது. அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. தெளிந்த தண்ணீரில் துடுப்பு சொன்னபடி கேட்கும். வெள்ளத்தில் பம்பரமாகச் சுற்றும். நாலு சுற்றுச் சுற்றியதும் எந்தப் பக்கம் வீடு, எந்தப் பக்கம் மலை என்று பாவாயிக்குத் தெரியவில்லை. செம்பாறைத்துறையில் பரிசல் ஒதுங்க ஒரே ஓர் இடம்தான். இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு சந்து. அதை விட்டுவிட்டால் கீழே பாறைதான், பாறைதான்.

"அக்கா, உங்கூட்டு வெளக்கு எங்கக்கா?" என்று குருவாயி அழுதாள்.

பாவாயி தேடினாள். நெல் அளவுச் சுடர் நுரைக்கும் தெறிப்புக்கும் நடுவே எங்கே தெரியும்? பூவரசம்பூ அளவு இருந்திருந்தால் தெரிந்திருக்கும். தன் கையால் இழை இழையாக உருவியது அவளுக்கு நினைவு வந்தது. அவள் வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை.

கரையில் சென்னியப்பனுக்கு ஆற்றின் இரைச்சல் கேட்டது. அவர் மாடத்துக்கு ஓடினார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் இந்த வெளிச்சம் போதாது என்று அவருக்குத் தெரிந்தது. கரண்டியால் எண்ணெய் ஊற்றினார். சுடர் பெருகவில்லை. இன்னொரு கரண்டி ஊற்றினார். பெருகவில்லை. குடத்தைத் தூக்கிச் சாய்த்தார். அகல் நிறைந்து, மதில் வழிய எண்ணெய் ஓடியது. சுடர் நெல் அளவாகவே நின்றது.

அப்போதுதான் அவர் விரல் திரியைத் தொட்டது. ஒற்றை நூல்.

எண்ணெயிலேயே பிறந்து எண்ணெயிலேயே வளர்ந்த மனிதருக்கு, எண்ணெய் மட்டும் விளக்கு இல்லை என்று அன்றுதான் உறைத்தது. மகள் என்ன செய்திருக்கிறாள் என்பது புரிந்தது. ஏன் செய்தாள் என்பதும் புரிந்தது. கோபப்பட நேரமில்லை. கோபமும் வரவில்லை.

சென்னியப்பன் தலையில் உருமாலை கட்டாமல் வாசலைத் தாண்டாதவர். ஊர் நடுவே அவர் வெறுந்தலையைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. அந்த உருமாலையை ஒரே இழுப்பில் அவிழ்த்தார். செக்குமாடு ஓட்டும் மூங்கில் கழியின் நுனியில் சுற்றினார். எண்ணெய்க் குடத்தில் முக்கிக் கொளுத்தினார். பந்தம் குபீரென்று எரிந்தது. துறைச் சந்துக்கு மேலே இருந்த பாறையில் ஏறி நின்று, அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்.

"அம்மணீ! இங்க பாரு அம்மணீ! அப்பன் இங்க இருக்கறேன்!"

உருமாலை எரிந்து, கரிந்த ஓர் ஓரம் மட்டும் பாறையில் விழுந்தது. தோளில் கிடந்த துண்டைச் சுற்றினார். துண்டும் எரிந்து தீர்ந்தது. நாச்சாயி ஓடி வந்து தன் சேலை முந்தானையைக் கிழித்துக் கொடுத்தாள். குடத்தைச் சுமந்து வந்து எண்ணெய் வார்த்துக்கொண்டே இருந்தாள். கரண்டி எங்கே விழுந்ததோ, யாரும் தேடவில்லை. கை நிறைய, குடம் நிறைய, செக்கு வீட்டு எண்ணெய் எல்லாம் வெளிச்சமாகப் போயிற்று.

சுற்றிக்கொண்டிருந்த பரிசலிலிருந்து பாவாயி அதைப் பார்த்தாள். ஆறு முழுக்கச் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பு தொடங்கும் இடத்தில் அப்பா நின்றிருந்தார். வீடு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. பிறகென்ன, தோளெலும்பு தெறிக்கும்படி வலித்தாள். பரிசல் பாறைச் சந்துக்குள் முட்டி நின்றது. நாச்சாயி குருவாயியை அள்ளிக்கொண்டாள். சென்னியப்பன் பந்தத்தை எறிந்துவிட்டு மகளைக் கைப்பிடித்து இழுத்தார்.

பாவாயி ஈரப் பாவாடையோடு நின்றாள். திட்டப் போகிறார், அடிக்கப் போகிறார் என்று காத்திருந்தாள்.

அப்பாவோ ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வெளிச்சம் தெரிஞ்சுதா அம்மணி?"

அந்தக் கேள்வியில் அவள் உடைந்து போனாள்.

"தெரிஞ்சுதுங்கப்பா... அப்பா, நாந்தானுங்க திரியப் பிச்சுப் பிச்சு மெலுசாக்குனேன். அரிசிப் பானைக்குப் பொறத்தால இழையெல்லாம் இருக்குதுங்க."

"எனக்குத் தெரிஞ்சு போச்சு," என்றார் சென்னியப்பன். எண்ணெய் வழியும் தன் கையை மகளிடம் நீட்டினார். "நானுந்தான் ஒனக்குத் தெரியாம தெனமும் எண்ணெ ஊத்துனேன்."

மகள் அழுகையை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"ரெண்டும் எனக்குத் தெரியும்," என்றாள் நாச்சாயி. "தெரிஞ்சும் வாயத் தொறக்காம இருந்தேன் பாருங்க. எம்மேலதான் மொதல் தப்பு."

அதன்பிறகு சென்னியப்பன், எப்போதோ சொல்லியிருக்க வேண்டியதை அன்று சொன்னார். மலையில் எப்போது மழை பெய்யும், தண்ணீர் எப்போது வந்து சேரும், மூன்று கரண்டிக் கணக்கு எப்படி வந்தது, எல்லாம் சொன்னார். பாவாயி ஈரத் தலையோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே அப்பா?"

"சொன்னாப் பயந்துக்குவீன்னு நெனச்சேன் சாமி."

"இன்னிக்கும் பயந்தனுங்களே," என்றாள் பாவாயி. "தனியாப் பயந்தேனுங்க."

சென்னியப்பன் மகளின் தலையைத் தன் வெற்று மார்பில் சேர்த்துக்கொண்டார். அந்த வார்த்தை அவரைச் சாகும்வரை விடவில்லை என்று ஊரில் சொல்வார்கள்.

மறுநாள் வெள்ளம் வடிந்துவிட்டது. நோன்புக் கும்மி கோயில் வாசலில் நடந்தது. வெறுந்தலையோடு முன்னால் நின்று கேட்ட சென்னியப்பனை ஊரே வியந்து பார்த்தது. மகள் முன்பாட்டு எடுப்பதை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார். "இதுக்குத்தான் நேரங்கழிச்சு வந்தயா?" என்று கேட்டார். "ஆமாங்க," என்றாள். "கேட்டிருந்தா நானே ஒரு கரண்டி சேத்திக் குடுத்திருப்பனே," என்றார். "கேக்கலாம்னு எனக்குத் தெரியிலீங்க," என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் விளக்கேற்றும் முறை மாறியது. பொழுது சாயும் முன் அப்பாவும் மகளும் புழக்கடைக்கு வருவார்கள். இருவரும் சேர்ந்து மேற்கே மலையைப் பார்ப்பார்கள். மலை தெளிவாக இருந்தால், "கெழக்கத்தித் தோட்டத்துக்காரிக இன்னிக்கு நேரங்கழிச்சு வருவாங்கப்பா, ஒரு கரண்டி சேத்தி ஊத்துங்க," என்பாள் மகள். அப்பா ஊற்றுவார். மப்பாக இருந்தால், "இன்னிக்கு ஒண்ணுதான்," என்பார் அப்பா. மகள் முகம் கொஞ்சம் வாடும். வாடினாலும் ஏன் என்று தெரியும். திரியை மகள் அப்பாவின் கண்ணெதிரில் திரிப்பாள். எண்ணெயை அப்பா மகளின் கண்ணெதிரில் அளப்பார். கரிந்தும் கரியாமலும் மிஞ்சிய உருமாலைத் துணியில்தான் அவள் முதல் திரியைத் திரித்தாள்.

ஒருநாள் அகலில் எண்ணெய் பாதிக்குமேல் இருக்கும்போதே பரிசல் கரை தட்டும் சத்தம் கேட்டது. சென்னியப்பன் திகைத்துப்போய் எட்டிப் பார்த்தார்.

"ஏனம்மணி, இன்னும் ரெண்டு கரண்டி மிச்சம் இருக்குதே? கும்மி இல்லையா?"

"இருந்துதுங்க. பாதியில மேக்கால மின்னல் மின்னுச்சுங்க," என்றாள் பாவாயி, துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டே. "நாங்க கெளம்பறப்பத் தெளிவாத்தான் இருந்துது, அப்புறந்தான் மப்புப் போட்டுது. அதான் எல்லாத்தையும் கெளப்பி உட்டுட்டு வந்துட்டனுங்க."

வடகரைப் பையன்கள் அன்று கேலி பாடவில்லை. அவள் எழுந்ததும் அவர்களும் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். இந்த முறை மழை தூரத்து மலையில் இல்லாமல் பக்கத்திலேயே கொட்டியிருந்ததால், கொஞ்ச நேரத்தில் ஆறு பொங்கியது. திட்டில் அப்போது நாணலைத் தவிர யாரும் இல்லை.

சென்னியப்பன் மாடத்தைப் பார்த்தார். பூவரசம்பூ அளவுச் சுடர் நின்று எரிந்துகொண்டிருந்தது. மகள் உள்ளே உட்கார்ந்து சோறு பிசைந்துகொண்டிருந்தாள். இனி இவளுக்கு அளந்து ஊற்ற வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது. ஆனாலும் மறுநாளும் விளக்கு ஏற்றினார். பிள்ளை எந்த வயதில் திரும்பி வந்தாலும் வீடு எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டுமே.

கதை இதோடு கரை ஏறிவிட்டது. முன்வரிசைக்காரர்களே, பின்வரிசைக்காரர்களே, ஒன்றாகவே எழுந்து வீட்டுக்குப் போங்கள். போகும்போது இதைக் கையோடு கொண்டு போங்கள்: நேரம் குறிக்கும் பெற்றோர் காரணத்தைச் சொல்லிவிட வேண்டும், நேரம் போதாத பிள்ளை அதைக் கேட்டு வாங்க வேண்டும், இரண்டும் ஒளிவுமறைவில்லாமல் நடக்கும் வீட்டில்தான் விதி பிள்ளையைக் காக்கும்.